சுவர் என் பேரில் இருக்கிறது

எனக்கு இந்த ஆவணியோடு எழுபத்தாறு முடிந்தது. பெற்றது நாலு, வளர்த்தது அஞ்சு. அஞ்சாவது என் நாத்தனார் மகன். தாயில்லாமல் வந்தவனைத் தனியாகப் பிரித்துச் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் எத்தனை வளர்த்தாய் என்று யாராவது கேட்டால் அவனையும் சேர்த்து அஞ்சு என்றுதான் சொல்வேன். அஞ்சு பேரும் தலையெடுத்து நிற்கிறார்கள். அந்தப் பெருமை எனக்கு உண்டு, அதை நான் மறைப்பதில்லை.

படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. பஸ்ஸில் போர்டு படிப்பேன். என் பேரைக் கையெழுத்தாகப் போடுவேன், சித்த நேரமாகும், ஆனால் அடித்தல் திருத்தல் இருக்காது. கைநாட்டு வைத்ததே இல்லை. இதை நான் சொல்லச் சொல்ல என் மகன் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். நடுவில் அவளாக ஒரு வார்த்தையும் சேர்க்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சொல்ல வந்தது என் சுவரைப் பற்றி.

கோயம்புத்தூரிலிருந்து வந்தால், அவிநாசிக்கு முன்னாலேயே ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் எங்கள் ஊர். ஊருக்குள் நுழையும்போது முதலில் கண்ணில் படுவது பஸ் ஸ்டாப். அதற்கு எதிரில் படுவது என் சுவர். வீட்டைச் சுற்றி ஓடுகிற காம்பவுண்டுச் சுவர்தான், ஆனால் ரோட்டுப் பக்கம் மட்டும் ஒரு பஸ்ஸை நிறுத்தினால் முன்னும் பின்னும் இடம் மிச்சம் இருக்கிற அளவுக்கு நீளம். மனை வாங்கும்போதே என் வீட்டுக்காரர் அதை என் பேரில் எழுதிவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ரோட்டை அகலப்படுத்தியபோது பழைய மண்சுவர் போய்விட்டது. அப்போது அவரும் இல்லை. நானே நின்று ஹாலோ பிளாக் வைத்துக் கட்டினேன். கொத்தனார் பூசிவிட்டுப் போன பிறகு காலையிலும் சாயங்காலமும் ஓஸ் பைப்பைப் பிடித்து நனைத்தது நான்தான். அந்தச் சுவரில் இன்றைக்கும் ஒரு விரிசல் காட்ட முடியாது.

இப்படி ஒரு சுவர் இருந்தால் தேர்தல் வரும்போது சும்மா விடுவார்களா? கட்சிக்காரர்கள் வருவார்கள், மூலையில் சின்னதாகத் தங்கள் பேரை எழுதி இடம் பிடித்து வைத்துவிட்டுப் போவார்கள். என்னோடு இருக்கிற மகனிடம் கேட்பார்கள். அவன் "அதுக்கென்னங்க, எழுதிக்கங்க" என்பான். எங்கள் பக்கத்தில் வாசலுக்கு வந்தவரிடம் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்கிற பழக்கம் கிடையாது. இத்தனை தேர்தலில் யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை.

கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் இருக்கிற என் பெரிய மகள் இதைக் கேட்டால் சிரிப்பாள். டவுனுக்குள்ளே சொந்தச் சுவராகவே இருந்தாலும் தேர்தல் சமயத்தில் ஒரு எழுத்து எழுதக் கூடாதாம். தேதி அறிவித்த அன்றைக்கே ஆள் வந்து சுண்ணாம்பை அடித்துவிட்டுப் போய்விடுவார்களாம். "உங்க ஊர்ல மட்டும் ஏம்மா இந்தக் கூத்து?" என்பாள். எங்கள் ஊர் பஞ்சாயத்து. பஞ்சாயத்துக்கு வேறு சட்டம். அந்தச் சட்டம் என்ன என்பது எனக்குப் போன உள்ளாட்சித் தேர்தலில்தான் தெரிந்தது. தெரிந்த அன்றைக்கு நான் ஆடிய ஆட்டத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்தத் தடவை எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் பதவி பெண்களுக்கு என்று வந்துவிட்டது. பழைய தலைவர் தானே நிற்க முடியாது என்பதால் தன் சம்சாரத்தை நிறுத்தினார். அவருக்கு நான் அக்கா முறை. வேறு யாரும் நிற்க மாட்டார்கள் என்றுதான் ஊரே நினைத்தது. அப்போது பால் சொசைட்டிக்கு வருகிற பொம்பளைகள் எல்லாம் சேர்ந்து என் மருமகளைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் பன்னிரண்டு வரைக்கும் படித்தவள், பேசத் தெரிந்தவள். எங்கள் தெருவில் தண்ணீர் வராதபோது காலிக் குடத்தோடு போய் அதே பழைய தலைவர் வீட்டு வாசலில் உட்கார்ந்தவள். "நிக்கட்டுங்களா அத்தை?" என்று என்னிடம் கேட்டாள். "நில்லு அம்மணி. நின்னா நேரா நில்லு" என்றேன். நின்றாள்.

பஞ்சாயத்துத் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. வீட்டுச் சாமான், தறிச் சாமான் என்று ஏதாவது ஒன்றைக் கொடுப்பார்கள். என் மருமகளுக்குப் பூட்டு சாவி வந்தது. பழைய தலைவர் சம்சாரத்துக்குச் சீப்பு.

சின்னம் கொடுத்த மறுநாள் கார்த்திகைக் கடைசி முகூர்த்தம், எங்களுக்கு ஈரோட்டில் ஒரு கல்யாணம். நானும் மருமகளும் போய்விட்டு இருட்டின பிறகுதான் வந்தோம். விடியற்காலையில் அவள் வாசல் தெளிக்க வாளியோடு வெளியே போனாள். போனவள் வரவில்லை, தண்ணீர் தெளிக்கிற சத்தமும் கேட்கவில்லை. என்ன என்று நான் போய்ப் பார்த்தால், அவள் வாளியைக் கையில் பிடித்தபடியே ரோட்டில் நிற்கிறாள்.

என் சுவர் முழுக்கச் சீப்பு. இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் ஒரே சீப்பு, நீல நிறத்தில். ஒவ்வொரு பல்லும் என் கை நீளம் இருக்கும். அதற்கு மேலே 'உங்கள் சின்னம் சீப்பு' என்று கொட்டை எழுத்து. அதை நானே படித்துவிட்டேன் என்றால் எவ்வளவு பெரிய எழுத்து என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். தேர்தல் அறிவிக்கிறதற்கு முன்னாலேயே ஒரு கிடா விருந்தில் பழைய தலைவர் என் மகனிடம் சுவரைக் கேட்டிருக்கிறார். இவன் வழக்கம்போல எழுதிக்கங்க என்று சொல்லியிருக்கிறான். அப்புறம் இவன் பெண்டாட்டியே எதிரில் நிற்கிறாள் என்று தெரிந்ததும் அவர் போன் போட்டு, "மாப்ள, அப்ப அந்தச் செவுரு?" என்று கேட்டிருக்கிறார். இவன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இவனோ, "சொன்னது சொன்னதுதானுங்க மாமா" என்று சொல்லி, சம்மதக் கடிதத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறான்! இப்படிக் கட்டின பெண்டாட்டிக்கு எதிராகவே மரியாதை காட்டுகிற ஆளை எங்கள் பக்கத்தில் மட்டும்தான் பார்க்க முடியும்.

மருமகள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தட்டு வைத்தாள், சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், வாயைத் திறக்கவில்லை. அவன் "ஏம்புள்ள, ரசம் இருக்குதா?" என்றால் ரசம் வரும், பதில் வராது.

வெளியிலோ ஊரே சிரித்தது. டவுன் பஸ் கண்டக்டர் ஒருத்தர் இருக்கிறார், வாய் சும்மா இருக்காது. பஸ் வந்து நின்றதும், "சீப்பு ஸ்டாப்பெல்லாம் எறங்குங்க! தலைய வாரிட்டு எறங்குங்க!" என்று கத்துவார். மருமகள் ஓட்டுக் கேட்கப் போன இடத்தில் ஒரு கிழவி கேட்டேவிட்டாளாம்: "ஏஞ்சாமி, உன்ற ஊட்டுச் செவுத்துலயே சீப்பு இருக்குது. உன்ற ஊட்டுக்காரங்களே உன்னைய நம்பல, நாங்க எப்படி நம்பறது?" இதை அவள் வீட்டுக்கு வந்து சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சொல்லி முடித்ததும் உள்ளே போய்விட்டாள்.

ஓட்டு கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் ஊர் இஷ்டம். சொந்த வீட்டில் அவளுக்கு ஒரு சுவர் இல்லை என்று ஊர் பேசினால் அது என் வீட்டுக்குக் கேவலம் அல்லவா?

இரண்டு மூன்று நாள் கழித்து வேட்பாளர்களை எல்லாம் யூனியன் ஆபீசுக்குக் கூப்பிட்டுச் சட்டதிட்டம் சொல்லி ஒரு அச்சடித்த தாளும் கொடுத்தார்கள். மருமகள் அதைக் கொண்டுவந்து, நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த இடத்தில் உட்கார்ந்து படித்தாள். எனக்குப் படித்துக் காட்டுகிற மாதிரி இல்லை, உள்ளே வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிற புருஷன் காதில் விழட்டும் என்று படிக்கிற மாதிரி இருந்தது. பள்ளிக்கூடச் சுவரில் எழுதக் கூடாது, கோயில் சுவரில் கூடாது, கரண்டு கம்பத்தில் கட்டக் கூடாது, பாலத்தில் எழுதக் கூடாது. அப்புறம்தான் அது வந்தது. தனியார் சுவரில் எழுதுவதானால் அந்தச் சுவரின் உரிமையாளர் எழுதிக் கொடுத்த சம்மதம் வேண்டும், அதன் நகலை ஆபீசில் கொடுக்க வேண்டும்.

நான் கீரையை விட்டுவிட்டேன். "உரிமையாளர்னா யாரு அம்மணி?"

"பட்டா யாரு பேர்ல இருக்குதோ அவங்கதானுங்க அத்தை."

"வரி ரசீது?"

"அதும் உங்க பேர்லதானுங்க வருது."

எனக்கு ரோமமெல்லாம் சிலிர்த்துவிட்டது. இந்தச் சட்டத்தை எழுதினவர் எங்கே இருக்கிறாரோ தெரியாது, என்னை அவருக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, அந்தச் சுவருக்கு அந்தக் கிழவியைத்தான் கேட்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்! இத்தனை தேர்தலாக என்னை யாரும் கேட்காமல் எழுதியது அத்தனையும் சட்டப்படி தப்பு. அதை நினைக்க நினைக்க எனக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷம்தான் பொங்கிக்கொண்டு வந்தது.

மருமகள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. புருஷன் கையெழுத்துப் போட்ட காரியத்துக்கு மாமியாரிடம் போய் நிற்க அவளுக்கு மனசு வரவில்லை. தாளை மடித்து வைத்தாள். நான் எழுந்து சேலையை உதறிக்கொண்டேன்.

"வண்டிய எடு அம்மணி."

"எங்கீங்க அத்தை?"

"யூனியன் ஆபீசுக்கு. வெசையா எடு, சாப்பாட்டுக்குப் போயிருவாங்க."

அவள் ஸ்கூட்டரில் அதற்கு முன்னால் நான் ஏறியதே இல்லை. விழுந்தால் இடுப்பு போய்விடும் என்று எல்லாரும் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அன்றைக்கு ஏறி உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். சீப்பைத் தாண்டும்போது பஸ் ஸ்டாப்பில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள். "பாக்கட்டும், நீ ஓட்டு" என்றேன்.

ஆபீசில் ஒரு சின்ன வயசு ஆபீசர். என்னைப் பார்த்ததும் நாற்காலி போடச் சொன்னார். முதியோர் பென்ஷனுக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. "சொல்லுங்கம்மா, பணம் வரலீங்களா?" என்றார்.

"பணமெல்லாம் இல்லீங்க. எம்பட செவுத்துல என்னையக் கேக்காம சீப்பு எழுதிப்போட்டாங்க."

அவர் பின்னால் நின்ற மருமகளைப் பார்த்தார். யார் என்று புரிந்துவிட்டது. ஒரு கட்டைப் புரட்டி, என் மகன் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டினார். "சம்மதம் இருக்குதுங்களேம்மா?"

"அது எம்பட பையன் போட்டதுங்க. செவுரு எம்பட பேர்ல இருக்குது." பையிலிருந்து பட்டாவையும் வரி ரசீதையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். வைத்த விதத்தில் பேனா ஒன்று உருண்டு கீழே விழுந்தது.

அவர் இரண்டையும் படித்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரிதானுங்க. உங்க சம்மதம் இல்லாம எழுதினது செல்லாதுங்க. ஒரு கம்ப்ளெயிண்ட் எழுதிக் குடுங்க. ஸ்குவாடு வந்து அழிச்சுரும். எழுதினவங்க மேல நடவடிக்கை எடுப்போம். உங்க பையனையும் கூப்பிட்டு விசாரிப்போமுங்க. உரிமையாளர் இல்லாதவரு எப்படிக் கையெழுத்துப் போட்டாருன்னு."

எனக்கு அப்படியே சப்பென்று ஆகிவிட்டது. மகனை விசாரிக்கக் கூப்பிடுவார்கள் என்பதை நான் யோசிக்கவே இல்லை. மருமகள் முன்னால் வந்தாள். அத்தனை நாளாகப் புருஷனோடு ஒரு வார்த்தை பேசாதவள், என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாமுங்க அத்தை. வாங்க போலாம். சீப்பே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

அவள் குரல் இறங்கிப் போயிருந்தது. தோற்றாலும் தோற்றுப் போகட்டும் என்று முடிவுசெய்துவிட்டாள் என்று தெரிந்தது. புருஷனும் வேண்டும், சுவரும் வேண்டும் என்றால் அவளுக்கு வழி இல்லை. எனக்கு ஒரு வழி வேண்டும். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. யோசித்தேன். மார்கழி மாசம். அடுத்து தை. தை என்றால் பொங்கல்.

"ஏனுங்க சார், கம்ப்ளெயிண்ட்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். பொங்கல் வருது, நான் எம்பட செவுத்துக்கு வெள்ளையடிச்சுக்கறேன். அதுக்கு யாரையாச்சும் கேக்கோணுங்களா?"

ஆபீசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க செவுத்துக்கு நீங்க வெள்ளையடிக்கறதை யாருங்கம்மா தடுக்கறது? நீங்க சம்மதமும் குடுக்கல. தாராளமா அடிங்க."

பொங்கலுக்கு வெள்ளையடிப்பதை எங்கள் ஊரில் எந்தக் கொம்பனும் குறை சொல்ல முடியாது. பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக் கட்டு, அதற்கு முன்னால் வீடு வெளுத்திருக்க வேண்டும். ஒரு மாசம் முந்திக்கொண்டு அடிக்கிறேன், அவ்வளவுதான்.

ஆனால் சொல்லாமல் செய்தால் மரியாதை இல்லை. திரும்பி வரும்போது வண்டியை நேராகப் பழைய தலைவர் வீட்டுக்கு விடச் சொன்னேன். மருமகள் வாசலிலேயே வண்டியை நிறுத்திக்கொண்டு உள்ளே வர மாட்டேன் என்றாள். பழைய தலைவரின் சம்சாரம், அதுதான் எதிர் வேட்பாளர், ஓடி வந்து அவள் கையைப் பிடித்து, "ஏனம்மணி, தேர்தல் ரோட்டுல, ஊட்டுக்குள்ள என்ன? வா" என்று இழுத்துக்கொண்டு போனாள். புருஷனுக்கு அக்கா முறை என்பதால் என்னை நங்கை என்றுதான் கூப்பிடுவாள். காப்பி வந்தது.

விஷயத்தைச் சொன்னேன். பழைய தலைவருக்கு முகம் மாறியது. "அக்கா, மாப்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காருங்களே."

"அவன் கையெழுத்து அழகாத்தான் இருக்கும். எம்பட செவுத்துக்கு எம்பட கிறுக்கல்தான் செல்லுமாம். ஆபீசரே சொல்லிப்போட்டாரு."

அவர் சம்சாரம் சத்தம்போட்டுச் சிரித்தாள். "நான் அன்னைக்கே சொன்னனுங்க நங்கை! எதிராளி ஊட்டுச் செவுத்துல போயி எம்பட சீப்ப எழுதிவெச்சா, பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? எனக்கே பஸ் ஏறக் கூச்சமா இருக்குதுங்க. ஜெயிச்சா நான் எம்பட மூஞ்சிக்கு ஜெயிக்கறேன், செவுத்துக்கு ஜெயிக்கோணுங்களா?"

"நீ சும்மா இரு" என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, "அது சரீங்கக்கா. ஆனா மாப்ள குடுத்த வார்த்தை என்னாகறதுங்க? நாளைக்கு ஊருக்குள்ள அவருக்குத்தானுங்க கேவலம்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். என் மகன் பெண்டாட்டியோடு பேச்சை இழந்ததே அந்த வார்த்தைக்காகத்தான். அதை நான் பிடுங்கிவிட்டால் அவனுக்கு என்ன மிச்சம்?

"அவன் வார்த்தைக்கு அவன் செவுரு இருக்குதப்பா" என்றேன். "தறிக் கொட்டாய் அவன் பேர்லதான இருக்குது? அதுல எழுதிக்க."

வீட்டுக்குப் பின்னால் எங்கள் தறி ஓடுகிற கொட்டகை இருக்கிறது. அதன் சுவர் பின் தெருவைப் பார்த்தது. பஸ் ஸ்டாப் அளவுக்கு ஆள் நடமாட்டம் கிடையாது, ஆனால் நல்ல சுவர். பழைய தலைவர் மீசையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் சம்சாரமே சொல்லிவிட்டாள்: "ஆகட்டுங்க நங்கை. பின்னாடித் தெருவுல எனக்குத்தான் ஓட்டு நெறைய."

மத்தியானம் என் மகன் சாப்பிட வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். பிசைந்த சோற்றில் கை அப்படியே நின்றுவிட்டது. "ஆபீசுக்கே போயிட்டீங்களாம்மா?" என்றான். அப்புறம், "அப்ப எம்பட வார்த்தை போகலீங்களே?" என்று கேட்டான்.

"போகல சாமி. உன்ற வார்த்தை உன்ற செவுத்துல இருக்குது. எம்பட வார்த்தை எம்பட செவுத்துல இருக்கும்."

அவன் அடுப்படிப் பக்கம் பார்த்தான். உள்ளேயிருந்து மருமகள் குரல் வந்தது, அத்தனை நாளுக்கு அப்புறம் அவனிடம் பேசிய முதல் பேச்சு: "இனித் தலை சீவோணும்னா தறிக் கொட்டாய்க்குப் போயிருங்க மாமா. அங்கதான் உங்க சீப்பு இருக்கும்." அவன் சிரித்தான். எனக்கு அதைக் கேட்டதும் பாதிப் பொங்கல் வந்த மாதிரி இருந்தது.

மறுநாள் வெயில் ஏறினதும் வெள்ளையடிப்பு. மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து முதல் அடியை நான்தான் அடித்தேன். சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போது அடியில் இருக்கிறது தெரியும். அடித்த இடத்திலெல்லாம் சீப்பு மங்கலாக நின்றுகொண்டே இருந்தது. பஸ் ஸ்டாப்பில் இருந்தவர்கள், "அம்மா, சீப்பு போக மாட்டேங்குதுங்களே!" என்று கேலி பேசினார்கள். "காயட்டும் இருங்க" என்றேன். காயக் காய ஒவ்வொரு பல்லாக மறைந்தது. கடைசிப் பல் மறைந்தபோது அங்கே இருந்தவர்களே கை தட்டினார்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அடுத்த நாள் பெயிண்டர் வந்தார். கோட்டைமேட்டுக்காரர், நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். சீப்பை எழுதினவரும் அவர்தான். அன்றைக்குக் காலையில் பின் தெருவில் சீப்பு எழுதிவிட்டு, அதே ஏணியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். "எனக்கு எந்தச் சின்னமும் ஒண்ணுதாங்கம்மா. ஆனா சீப்புக்கு எத்தனை பல்லு! பூட்டுன்னா ஒரு ஓட்டையோட முடிஞ்சுது" என்றார். ஏணியைச் சாத்தினவர் மேலே ஏறவில்லை. "அம்மா, சம்மதக் கடிதாசு?"

"நேத்து வரைக்கும் இதெல்லாம் கேக்கலயே பாய்?"

"நேத்து வரைக்கும் நீங்க ஆபீசுக்குப் போகலீங்களேம்மா!"

மருமகள் எழுதி வைத்திருந்த தாளைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள். அதைச் சுவரிலேயே வைத்துக் கையெழுத்துப் போடலாம் என்று தோன்றியது. சுவர்மேல் தாளை வைத்து, பஸ் ஸ்டாப்பே பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு எழுத்தாக என் பேரைப் போட்டேன். அவசரப்படவில்லை. ஒரு பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போகிற வரைக்கும் எழுதினேன். மருமகள் அதை வாங்கிப் பார்த்தாள். குனிந்து என் காலைத் தொட்டாள். பாய் ஏணியில் ஏறினார்.

அந்தப் பூட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! எருமை மாடு பெரிசு, மஞ்சள் நிறம், பக்கத்தில் சாவி ஒரு ஆள் நீளம். சாயங்காலப் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார். அப்புறம், "பூட்டு ஸ்டாப்பெல்லாம் எறங்குங்க! சாவிய மறந்துட்டுப் போகாதீங்க!" என்று ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். மருமகள் கேட்டின் அந்தப் பக்கம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதற்கப்புறம் அவள் நடையே மாறிவிட்டது. காலையில் போனால் இருட்டுகிற வரைக்கும் ஓட்டுக் கேட்டாள். அந்தக் கிழவி வீட்டுக்கு மறுபடி போனபோது, "இப்ப பாத்தேஞ்சாமி, உன்ற மாமியாரே பூட்டுப் போட்டுட்டா" என்றாளாம். முன் சுவரில் பூட்டு, பின் சுவரில் சீப்பு என்று எங்கள் வீட்டைப் பார்க்கவே பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்தார்கள். என் மகன் யாரிடமும் தலை குனியவில்லை. வார்த்தையும் காப்பாற்றினான், பெண்டாட்டிக்கு வண்டியும் ஓட்டினான்.

ஓட்டுப் போடுகிற அன்றைக்கு நாலு நிறத்தில் நாலு சீட்டுக் கொடுத்தார்கள். தலைவருக்கு ரோஸ் நிறம். முத்திரையை எந்தச் சின்னத்தில் குத்தினேன் என்று கேட்டவர்களிடம், "அது ரகசியமுங்க, சட்டத்துல இருக்குது" என்றேன். எனக்கு இப்போது சட்டம் தெரியுமே.

எண்ணிக்கை ஒரு ராத்திரி முழுக்க இழுத்தது. விடிந்து, காப்பிக்கு அடுப்புப் பற்றவைக்கும்போதுதான் வாசலில் வண்டிச் சத்தம். என் மகன் இறங்கி, சிரித்துக்கொண்டே பின்னால் கையைக் காட்டினான். பின்னால் உட்கார்ந்திருந்த மருமகள் கழுத்தில் மாலை இருந்தது. அப்போதே தெரிந்துவிட்டது. நான் ரோட்டுக்கு ஓடினேன். இந்த வயசில் ஓடினேன்! சுவரை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினேன், நன்றாகப் பால் கறந்த மாட்டைத் தட்டுகிற மாதிரி. அன்றைக்குப் பத்து மணிக்குள் சீப்புக்காரி கல்கண்டோடு வந்து மருமகள் வாயில் போட்டுவிட்டுப் போனாள். அவள் புருஷன் மட்டும் பொங்கல் கழிந்துதான் வந்தார்.

தேர்தல் முடிந்தால் சின்னத்தை அழித்துவிட வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருந்தது. "பொங்கல் வரைக்கும் இருக்கட்டுங்களா அத்தை? ஊரே பாக்குது" என்றாள் மருமகள். எனக்கும் ஆசைதான். ஆனால் தலைவர் வீட்டுச் சுவரிலேயே சட்டம் இல்லை என்றால் அப்புறம் யார் கேட்பார்கள்? "அழி அம்மணி" என்றேன். காப்புக் கட்டுக்கு முன்னால் அவள் முன் சுவரிலும் அவன் பின் சுவரிலும் சுண்ணாம்பு மட்டையோடு நின்றார்கள். பூட்டு காய்ந்து மறைகிற வரைக்கும் நான் எதிரில் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் மட்டும் இன்னும் பூட்டு ஸ்டாப் என்றுதான் சொல்கிறார்.

போன வாரம் ஒருத்தர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். அடுத்து வருகிற தேர்தலுக்குச் சுவர் வேண்டுமாம். என் மகன் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு, அவனைத் தாண்டி நேராக உள்ளே வந்து, என் முன்னால் உட்கார்ந்து, "ஏனுங்கம்மா, உங்க செவுரு விஷயமா ஒரு வார்த்தை" என்றார். காப்பி கொடுத்தேன். "பாக்கலாங்க" என்றேன். பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிதானமாகத்தான் சொல்வேன்.

போதும் கண்ணு, இத்தோடு நிறுத்து. இப்போது முதலிலிருந்து படித்துக் காட்டு, நீயாக ஏதாவது சேர்த்திருக்கிறாயா பார்க்கிறேன். பட்டாவை மேஜைமேல் வைத்த இடம் வரும்போது மட்டும் கொஞ்சம் சத்தமாகப் படி. அடுப்படியில் உன் அம்மா இருக்கிறாள், அவளுக்கும் கேட்கட்டும்.